‘மேல’ என்பவர் யார்?

கத்துகிற மேனேஜர் அருகிவரும் உயிரினம். ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டடங்களில் இப்போது அவரைப் பார்ப்பதே அபூர்வம். மேஜையைத் தட்டுகிறவர், லீவு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், ‘நான் சொல்றேன், செய்’ என்று பேச்சை முடிக்கிறவர் எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அல்லது பயிற்சி வகுப்புக்குப் போய்த் திருந்தி வந்துவிட்டார்கள். அந்த நாற்காலியில் இப்போது இருப்பவரை ‘சார்’ என்று கூப்பிடக் கூடாது. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நம்மோடு தனியாகப் பேசுவார். ‘வேலையை விடுங்க, நீங்க எப்படி இருக்கீங்க?’ என்றுதான் ஆரம்பிப்பார். அவருடைய பதவிப் பெயரிலேயே மேனேஜர் கிடையாது. அவர் ‘பீப்பிள் லீடர்’.

இதைத் தலைமைப் பண்பின் பரிணாம வளர்ச்சி என்கிறார்கள். லிங்க்டின் முழுக்க இந்தப் பரிணாமத்தைக் கொண்டாடும் பதிவுகள்தான். அதிகாரம் போய் அக்கறை வந்துவிட்டதாம். எனக்கு இதில் பெரிய தகராறு இருக்கிறது. பதின்மூன்று வருடமாக இந்தத் துறையில் கோடு எழுதிக்கொண்டிருக்கும் எனக்குத் தெரிந்தவரை அதிகாரம் எங்கேயும் போகவில்லை. குரலை மட்டும் கீழே விட்டுவிட்டு, அது இன்னொரு மாடி ஏறி உட்கார்ந்திருக்கிறது. கத்துகிற மேனேஜரிடம் ஆயிரம் குறை உண்டு. ஆனால் முடிவெடுத்தவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. கனிவான லீடரிடம் அதைக் கேட்டால் அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மேலே கையைக் காட்டுவார்.

தோன்றா எழுவாய்

ஒரு அப்ரைசல் காலத்தில் என் லீடர் என்னிடம் சொன்னது இது: ‘உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. நான் நாலுதான் போட்டேன். மேல மூணாக்கிட்டாங்க.’

‘மேலன்னா யாருங்க?’

‘லீடர்ஷிப்.’

சரி, லீடர்ஷிப்பிலேயே கேட்போம் என்று அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவரிடம் நேரம் வாங்கினேன். அவரும் தங்கமானவர். ‘நாங்களும் ஃபைட் பண்ணிப் பார்த்தோம். நார்மலைசேஷன்ல மாறிடுச்சு’ என்றார்.

மாறிடுச்சு. யாரும் மாற்றவில்லை, ரேட்டிங் தானாகவே மாறிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று படித்திருப்போம். ‘வந்தான்’ என்று மட்டும் சொன்னாலும், வினையின் விகுதியை வைத்து வந்தவன் ‘அவன்’ என்று கண்டுபிடித்துவிடலாம். இலக்கணத்தில் எழுவாய் ஒளிந்துகொண்டாலும் தடம் விட்டுவிட்டுப் போகும். ஆபீஸ் தமிழ் இலக்கணத்தைத் தாண்டிவிட்டது. ‘மாறிடுச்சு’, ‘முடிவாயிடுச்சு’, ‘பட்ஜெட் இல்லாம போயிடுச்சு’. எவ்வளவு தோண்டினாலும் செய்தவர் கிடைக்க மாட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பது பழைய மொழி. நம் அலுவலகங்களில் கதை தலைகீழ். பூசாரி எப்போதும் வரம் கொடுக்கத் தயாராக இருக்கிறார், நமக்காக அழவும் செய்கிறார். சாமி எந்தச் சந்நிதியில் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

இத்தனைக்கும் அந்த நார்மலைசேஷன் வானத்திலிருந்து விழுந்ததல்ல. அதற்கு ஊரும் பேரும் உண்டு. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச், ஊழியர்களை 20, 70, 10 சதவீதமாகப் பிரித்து, கடைசிப் பத்தை வெளியே அனுப்பும் முறையைப் பிரபலமாக்கினார். மைக்ரோசாஃப்ட் இதேபோன்ற முறையை 2013-இல் கைவிட்டது. ஒரு மனிதர் கொண்டாடிப் பரப்பினார், இன்னொரு நிறுவனம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. மனிதர்கள் வைத்தது, மனிதர்களால் எடுக்கக்கூடியது. அதை மழை, வெயில் மாதிரி ‘ஆயிடுச்சு’ என்று பேசக் கற்றுக்கொண்டதுதான் நவீனத் தலைமையின் முதல் பாடம்.

கனிவு எங்கிருந்து வந்தது?

இந்தக் கனிவு யாருடைய மனமாற்றத்தாலும் வந்ததில்லை. 1911-இல் ஃபிரெடெரிக் டெய்லர் தன் ‘விஞ்ஞான மேலாண்மை’யை எழுதியபோது தொழிற்சாலையை இரண்டாகப் பிரித்தார். யோசிப்பது ஒரு கூட்டம், செய்வது இன்னொரு கூட்டம். மண்வாரியைப் பிடிக்கிறவன் எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைக்கூட மேலே இருப்பவர் அளந்து சொல்லலாம். 1959-இல் பீட்டர் டிரக்கர் ‘அறிவுத் தொழிலாளி’ பற்றி எழுதினார். அந்த வேலையே தலைக்குள் நடக்கிறது. பின்னால் நின்று மிரட்டி ஒருவனை வேகமாக யோசிக்க வைக்க முடியாது. மிரட்டினால் அவன் பக் உள்ள கோடை வேகமாக எழுதித் தருவான், அவ்வளவுதான். கட்டளை வேலைக்கு ஆகவில்லை என்பதால் கனிவு வந்தது.

கனிவுக்குச் சந்தை விலையும் உண்டு. 2022-இல் இந்தியாவின் பெரிய ஐடி நிறுவனங்கள் பலவற்றில் வருடத்துக்கு ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மனநலம் பற்றிய வெபினார், ‘நோ மீட்டிங்’ வெள்ளிக்கிழமை, எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை என்று அந்தக் காலத்தில் நம்மைத் தாங்கினார்கள். அடுத்த வருடமே வேலைச் சந்தை சுருங்கியது. வாரத்தில் எத்தனை நாள் கார்டு தேய்த்தாய் என்று கேட்டு மெயில் வர ஆரம்பித்தது. லீடர்களின் இதயம் அதே இதயம்தான். நாம் போவோம் என்ற பயம்தான் போய்விட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எந்தச் சிந்தனைகளிலிருந்து இந்தக் கனிவு வாங்கப்பட்டதோ, அவற்றின் கூர்மையான பகுதி மட்டும் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. ‘சேவகத் தலைமை’ என்ற சொல்லை 1970-இல் எழுதிய கட்டுரையில் பரவலாக்கியவர் ராபர்ட் கிரீன்லீஃப். ஏடி அண்ட் டி என்ற பெரிய தொலைபேசி நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தவர். அவர் அந்தத் தலைமைக்கு ஒரு தேர்வும் வைத்தார். உன் கீழே இருப்பவர்கள் மனிதர்களாக வளர்ந்தார்களா? சமூகத்தின் கடைசிப் படியில் இருப்பவருக்கு அதனால் என்ன ஆனது? ‘சேவகத் தலைமை’ பற்றி நான் இதுவரை ஐந்து பயிற்சிகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்திலும் கைகூப்பிய படம் இருந்தது, இந்தத் தேர்வு இல்லை.

ஏமி எட்மண்ட்சனின் ‘உளவியல் பாதுகாப்பு’க்கும் இதே கதிதான். 1999-இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரைக்கு முன்கதை ஒன்று உண்டு. மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தவறு அதிகம் நடந்ததால் அல்ல, அங்கே வாய்திறந்து சொல்ல முடிந்ததால். ‘இது தப்பு’ என்று கீழே இருக்கிறவர் மேலே இருக்கிறவரிடம் சொல்ல முடிவதுதான் அந்தக் கருத்தின் உயிர். நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அது ‘மனசுல இருக்கறதச் சொல்லுங்க, நான் கேக்கறேன்’ ஆகிவிட்டது. கேட்பார். தலையாட்டுவார். குறிப்பெடுப்பார். அந்தக் குறிப்பு எங்கே போகிறது என்று மட்டும் கேட்கக் கூடாது.

முழுப் பொறுப்பு

2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை வேலையை விட்டு அனுப்பியது. அமெரிக்காவில் பலருக்கு மெயிலும் கணினியும் திறக்காமல் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. சுந்தர் பிச்சை ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், இந்த நிலைக்குக் கொண்டுவந்த முடிவுகளுக்கு முழுப் பொறுப்பு ஏற்பதாகச் சொன்னார். இரண்டு மாதங்களுக்கு முன் 11,000 பேரை அனுப்பிய மார்க் சக்கர்பெர்க்கும் பொறுப்பு தன்னுடையது என்றுதான் எழுதியிருந்தார்.

பொறுப்பு ஏற்றால் அடுத்து என்ன நடக்கும்? சில மாதங்கள் கழித்து வந்த ஆவணத்தின்படி பிச்சையின் 2022-ஆம் ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 22.6 கோடி டாலர். பெரும்பகுதி பங்குகள். மூன்றாண்டுக்கு ஒருமுறை தருவது, ஆட்குறைப்புக்கு முன்பே முடிவானது என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் முழுப் பொறுப்பு அந்தத் தொகையை ஒரு டாலர்கூடத் தொடவில்லை என்பதும் உண்மை.

பிச்சை பிறந்தது மதுரையில் என்பதால் ஒரு பழைய மதுரைக்காரரை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் முழுப் பொறுப்பு ஏற்றவன்தான். சொல்லப்போனால் அவனுக்குத் தப்பிக்க நல்ல காரணம் கையில் இருந்தது. ‘பொற்கொல்லன் தந்த டேட்டா தப்பு’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் தீர்ப்பு தவறு என்று தெரிந்த கணத்திலேயே சரிந்து உயிரை விட்டான்.

இன்றைய தலைமை அதிகாரிகள் யாரும் உயிரை விட வேண்டாம், நூறாண்டு நன்றாக இருக்கட்டும். நான் பார்க்கச் சொல்வது அந்தக் காட்சியின் முற்பகுதியை. கணவனை இழந்த ஒரு பெண், ஊருக்குப் புதியவள், அரண்மனை வாசலில் நின்று காவலனிடம் சொல்லியனுப்புகிறாள். உள்ளே விடுகிறார்கள். முடிவெடுத்தவனை முகத்துக்கு நேர் பார்க்கிறாள். என்ன குற்றம், என்ன சாட்சி என்று கேட்கிறாள். தன் பக்கத்துச் சான்றாகச் சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். முடியாட்சியைப் பற்றிய ஒரு காப்பியத்தில் இருந்த இந்த மூன்று வசதிகளும், அதாவது ஆள், காரணம், எதிர்சான்று, நம் ‘ஃப்ளாட்’ நிறுவனங்களில் கிடையாது. வாயிற்காவலன் இடத்தில் டிக்கெட் போடும் எச்.ஆர். போர்ட்டல் இருக்கிறது. சிலம்பை அதில் அப்லோட் செய்யலாம். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் டிக்கெட் மூடப்படும்.

இது எங்கே போய் முடியும் என்று பார்க்க ஆசைப்பட்டால் இரவு பதினொரு மணிக்கு ஏதாவது ஒரு பிரியாணிக் கடை வாசலில் நிற்கும் டெலிவரி பையன்களைப் பாருங்கள். அவர்களுக்கு மேனேஜர் கிடையாது. கத்த ஆள் இல்லை. அவர்களைத் தொழிலாளி என்றுகூட நிறுவனம் சொல்வதில்லை, ‘பார்ட்னர்’. ஐடி முடங்கினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? செயலியிடமா? முகமே இல்லாத தலைமையை முதலில் அவர்கள்மீது சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாம் அடுத்த வெர்ஷன்.

‘லீட்’ ஆக்கி வெளியே அனுப்புவது

2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடு, மேல் நிலையில் இருப்பவர்கள் என்று சொல்லப்பட்டது. மெட்டாவும் அமேசானும் நடுநிலை மேலாளர்களைக் குறைத்து நிறுவனத்தைத் ‘தட்டையாக்கு’வதை 2023, 2024-இல் கொள்கையாகவே அறிவித்தன. ஆக, நம்மிடம் ‘மேல’ என்று கை காட்டிய அந்தக் கனிவான லீடர்களும் கீழேதான் இருந்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கும் இன்னொரு கனிவான லீடர்தான் செய்தி சொல்லியிருப்பார்.

இங்கே ‘லீட்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நான்கு வருட அனுபவத்திலேயே நம்மை டீம் லீட் ஆக்கிவிடுகிறார்கள். யாரை எடுப்பது, யாரை அனுப்புவது, எவ்வளவு சம்பளம், என்ன டெட்லைன், எதையும் லீட் முடிவு செய்வதில்லை. அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம், கல்யாணப் பத்திரிகைக்கு முன் பயோடேட்டாவில் போடலாம். ஆனால் அந்தப் பட்டத்துக்கு இன்னொரு பயன் உண்டு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் வரமாட்டார். இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இதே விலக்கு தொடர்கிறது. ‘நீதான் லீட் ஆச்சே, உனக்கு ஏது தொழிலாளர் சட்டம்’ என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் சொல்லியிருப்பது வேறு: பதவியின் பெயர் முக்கியமில்லை, உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதே முக்கியம். நாள் முழுக்கக் கோடு எழுதிவிட்டு இரண்டு பேருக்கு லீவு அப்ரூவ் செய்வதால் ஒருவர் நிர்வாகி ஆகிவிடமாட்டார் என்று வாதாட இடமிருக்கிறது.

ஏன் இது முக்கியம்? ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமானால், காரணத்தை எழுத்தில் குறிப்பிட்டு ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். இழப்பீடும் தர வேண்டும். காரணத்தை எழுத்தில். இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் நம் துறையில் யாரும் நீக்கப்படுவதில்லை. எல்லோரும் ‘ராஜினாமா’ செய்கிறார்கள். ஒரு சின்ன மீட்டிங் ரூம், தண்ணீர் பாட்டில், டிஷ்யூ பேப்பர், மென்மையான குரலில் எச்.ஆர். ‘உங்க ப்ரொஃபைலுக்கு நல்லதுக்குத்தான் சொல்றோம், நீங்களே பேப்பர் போட்டுடுங்க.’ நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும். ராஜினாமாவுக்கு எழுவாய் நாம்தான். வருடம் முழுக்க ஒளிந்திருந்த எழுவாய் கடைசி நாளில் வெளியே வரும்போது அதில் நம் பெயர் இருக்கிறது, கீழே நம் கையெழுத்து இருக்கிறது.

‘அப்போ பழைய ஆளே தேவலையா?’

இல்லை. கத்துகிற மேனேஜரின் காலத்துக்கு யாரும் ஏங்க வேண்டாம். ஆங்கிலம் தடுமாறிய கிராமத்துப் பையன்களும், ஏழு மணிக்கு மேல் இருக்க முடியாது என்ற பெண்களும் அவரிடம் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. யாரும் யாரையும் மிருகம் மாதிரி நடத்தக் கூடாது என்பது குறைந்தபட்ச நாகரிகம். அது வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். குறைந்தபட்ச நாகரிகத்துக்குத் தலைமைப் பண்பு என்று பெயர் வைத்து விருது கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

‘கம்பெனி என்றால் கஷ்டமான முடிவு எடுக்கத்தானே வேண்டும்?’ எடுக்கட்டும். எந்த நிறுவனமும் எல்லோரையும் எப்போதும் வைத்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். எடுத்தவர் பெயரைச் சொல்லி எடுக்கட்டும்.

2023-இல் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஆரம்பத்தில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம், ஞாயிறும் சேர்த்து என்றார். நாடே கொதித்தது. எனக்கும் அந்தக் கருத்துகள்மீது எந்த மரியாதையும் இல்லை. ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது. சொன்னவர் யார் என்று தெரிந்தது. கேலி செய்தோம், கணக்குப் போட்டுக் காட்டினோம், சண்டை போட்டோம். நம் கனிவான அலுவலகங்களில் 70 மணி நேரத்தை யாரும் கேட்பதேயில்லை. ‘இந்த ஸ்பிரின்ட்ல முடிச்சிடலாமா? உங்களுக்கு ஓகேன்னா மட்டும்தான்’ என்று கேட்பார்கள். நாம் ‘ஓகே’ என்போம். சனிக்கிழமை இரவு லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும்போது யாரோடு சண்டை போடுவது? ஓகே சொன்னது நாம்தானே.

ஒரு கமிட்டுக்குக் கேட்பதை

நான் கேட்பது புரட்சி ஒன்றுமில்லை. எங்கள் தொழிலில் தினமும் நடப்பதுதான்.

ஒரு மென்பொருளில் ஒரே ஒரு வரியை நான் மாற்ற வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும்? மாற்றத்தின்மேல் என் பெயர் இருக்கும். ஏன் மாற்றினேன் என்று எழுத வேண்டும். இன்னொருவர் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்டு ஒப்புதல் தர வேண்டும். தப்பாகப் போனால் பழையபடி திருப்பி வைக்க வழி இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து எவனோ ஒருவன் அந்த வரியைப் பார்த்து ‘கிட் ப்ளேம்’ போட்டால் என் பெயர், தேதி, காரணம் எல்லாம் வரும். ஒரு பட்டனின் நிறத்தை மாற்ற இவ்வளவு. இருநூறு குடும்பங்களின் வருமானத்தை நிறுத்த ஒரு எக்ஸெல் ஷீட் போதும். அதை யார் எழுதினார் என்ற வரலாறு எங்கேயும் இருக்காது.

பெயர் கேட்பது பழிவாங்கவா? இல்லை. சர்வர் விழுந்தால் நாங்கள் எழுதும் அறிக்கையில் யாரையும் திட்டுவதில்லை. ஆனால் எத்தனை மணிக்கு, யார், எதைப் பார்த்து, என்ன முடிவெடுத்தார் என்பது வரிசையாக இருக்கும். பழி சொல்லாமல் இருப்பது வேறு, பெயர் சொல்லாமல் இருப்பது வேறு.

ஆகவே தலைமை என்று இனி யாராவது பாடம் எடுக்க வந்தால் நான்கு கேள்விகள் போதும். இந்த முடிவில் யாருடைய பெயர் இருக்கிறது? காரணம் எழுத்தில் இருக்கிறதா? பாதிக்கப்பட்டவர் மறுத்துப் பேச யாரிடம் போக வேண்டும்? தவறென்று தெரிந்தால் திருத்த வழி என்ன? இதற்குப் பதில் உள்ள இடத்தில் மேனேஜர் சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. பதில் இல்லாத இடத்தில் அவர் சிரிப்பு எனக்கு எதற்கு?

இது தானாக வராது. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்கள் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது அவர்களைச் சங்கம் வைக்கச் சொல்லி எந்தத் துரையும் ஊக்கப்படுத்தவில்லை. வாடியாவும் திரு.வி.க.வும் கூடநின்றார்கள், தொழிலாளர்கள் நின்றார்கள். தொழிற்சங்கச் சட்டம் வந்தது எட்டு வருடம் கழித்து, 1926-இல். ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு சட்டம் இந்தத் துறைக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. நாம்தான் ‘நாம என்ன ஃபேக்டரி ஆளுங்களா’ என்று அதை இன்னும் கௌரவக் குறைச்சலாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பின்னி மில் ஆட்களுக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்றாவது தெரிந்திருந்தது.

சின்ன விஷயத்திலிருந்து தொடங்கலாம். அந்த மீட்டிங் ரூமுக்குள் தண்ணீர் குடியுங்கள், டிஷ்யூவை எடுத்துக்கொள்ளுங்கள், கையெழுத்தை மட்டும் அங்கேயே போட்டுவிடாதீர்கள். யாராவது ‘மேல’ என்றால் அங்கேயே பெயரைக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் பதில் வராது, அதனால் மெயிலில் கேளுங்கள்: ‘இந்த முடிவை எடுத்தவர் யார், காரணம் என்ன என்று எழுத்தில் தெரிவிக்கவும்.’ அதற்கும் பதில் வராமல் போகலாம். ஆனால் அந்த மெயிலில் தேதி இருக்கும், கேட்டவர் பெயர் இருக்கும், கேட்கப்பட்டவர் பெயரும் இருக்கும்.